தியானக் கூடுகையும் நாங்கள் கற்ற பாடமும்

(இளங்கலை மூன்றாமாண்டு, வரலாற்றுத் துறை மாணவன்)

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பர் பெரியோர். ஆழம் தெரியாமலேயே காலை விட்டு, நனைந்து, ஒருவாறு கரையேறியவர்களின் கதை இது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ மாணவர் குழுவினர் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு தியான இல்லத்தில் மூன்று நாட்கள் தங்கினோம். அதற்கு முன் எங்களில் எவருமே அத்தகைய கூடுகையை ஏற்பாடு செய்ததில்லை. குழுவின் செயலாளன் என்ற முறையில் பெரும்பாலான பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரும்பாலான பிழைகளும் என்னுடையனவே.

நம் கல்லூரி எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அரசுக் கல்லூரி. ஆகவே கல்லூரியின் பெயரையோ பணத்தையோ விளம்பரப் பலகையையோ நாங்கள் இதற்குப் பயன்படுத்தவில்லை. விடுமுறை நாட்களில், ஊர்த் திருச்சபையொன்றின் ஆதரவில், நாங்களே நடத்திக்கொண்டோம். அப்படியிருக்க இதை ஏன் கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இருபது பேரை வீட்டை விட்டு அழைத்துச் சென்று, உணவும் உறையுளும் கொடுத்து, ஒரு நோக்கத்தோடு வைத்திருந்து, நலமாகத் திருப்பிக் கொண்டுவரும் வேலை எல்லா மாணவர்க்கும் ஒருநாள் வந்து சேரும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் பங்கேற்றோர் இதை அறிவர். நாங்கள் பட்டது அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

ஒடுக்கம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ரிட்ரீட்’ எனப்படுவதைத் தமிழ்க் கிறிஸ்தவர் பல பெயர்களால் வழங்குகின்றனர். தியானம், தியானக் கூடுகை, முகாம் என்பன இன்று வழக்கில் உள்ளவை. கத்தோலிக்கரிடையே ‘ஞான ஒடுக்கம்’ என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. என் மனத்துக்குப் பிடித்தது அச்சொல்தான். பறவை கூட்டில் ஒடுங்குகிறது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. ஐம்புலனை அடக்குவதற்கு ஆமையை உவமையாகக் காட்டினார் திருவள்ளுவர், அடக்கமுடைமை அதிகாரத்தில். ஒடுங்குவது ஓடிவிடுவதன்று. சிறிது நேரம் உள்ளே சென்று, மீண்டும் வெளியே வந்து நடப்பதற்காகவே ஆமை ஒடுங்குகிறது.

இவ்வழக்கத்தின் வேர் நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததும், பொழுது விடியுமுன் எழுந்து தனியிடம் சென்று வேண்டியதும் அவற்றில் சொல்லப்படுகின்றன. பின்னாளில் இதை ஒரு முறையாக வகுத்துத் தந்தவர் ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியார். போரில் காயமுற்றுப் பிழைத்த அவர், 1522ஆம் ஆண்டு மன்ரேசா என்னும் ஊரில் தங்கித் தவம் செய்த காலத்து அனுபவங்களிலிருந்து உருவானது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூல். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். முழுப் பயிற்சி ஏறத்தாழ முப்பது நாள். அது நான்கு ‘வாரங்களாக’ப் பகுக்கப்பட்டிருக்கிறது.

நம் மண்ணிலும் இதற்குத் தனி மரபு எழுந்தது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். 1950இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், பிரெஞ்சுத் துறவியர் மோன்சானின், லெ சோ ஆகிய இருவரும் சாந்திவனத்தை நிறுவினர். மர நிழல், எளிய உணவு, குறித்த வேளைகளில் வழிபாடு, எஞ்சிய நேரத்தில் உழைப்பும் மௌனமும் என்பது இத்தகைய இடங்களின் வாழ்முறை. வரலாற்று மாணவன் என்பதால் இவற்றையெல்லாம் முன்னரே படித்து வைத்திருந்தேன். ஆனால் படித்தது ஏற்பாடு செய்வதற்கு உதவிற்றா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

முதலில் எழுத வேண்டிய ஒரு வரி

இந்த எண்ணத்தை முதன்முதலில் சொன்னவர் என் வகுப்பு நண்பர் ஒருவர். பருவத் தேர்வு முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, “எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கோம். ரெண்டு நாள் எங்கேயாவது போய்ச் சும்மா உட்காரணும்” என்றார். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை அன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் எங்கள் தொல்லைகளில் பாதி குறைந்திருக்கும்.

ஏற்பாட்டுக் குழுவில் ஐவர் இருந்தோம். ஒருவர் வேதபாட வகுப்புகள் வேண்டும் என்றார். மற்றொருவர் பாடல் பயிற்சி வேண்டும் என்றார். போட்டித் தேர்வு வழிகாட்டுதல் வேண்டும் என்றார் மூன்றாமவர். நல்லனவற்றை மறுக்க யாருக்கு மனம் வரும்? எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டோம். எதற்காகப் போகிறோம் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை.

புதிதாக ஏற்பாடு செய்வோர் முதற்கூட்டத்திலேயே நோக்கத்தை ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். பாடம் கற்பதற்கா, குழுவினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கா, அமைதியாக இருந்து வேண்டுவதற்கா? மூன்றும் நல்லவையே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய இடமும் நேரமும் ஆட்களும் வேறு. அந்த ஒரு வரி இருந்தால், பிறகு வரும் ஒவ்வொரு யோசனையையும் அதன் அருகே வைத்துப் பார்க்கலாம். பொருந்தாததை யார் மனமும் நோகாமல் விலக்கிவிடலாம்.

நாளும் இடமும்

2024 ஜனவரி 26 குடியரசு நாள், வெள்ளிக்கிழமை. அடுத்து சனியும் ஞாயிறும். மூன்று நாள் விடுமுறை வாய்த்ததென்று மகிழ்ந்து அந்நாட்களையே குறித்தோம். தேர்வு இல்லையா என்று பார்த்தோம். திருச்சபை விழா எதுவும் இல்லையா என்று பார்த்தோம். நாங்கள் பார்க்காதது தைப்பூசம். அது முந்தைய நாள், 25ஆம் தேதி. பழனிக்கு நடந்து சென்ற அடியவர்கள் இலட்சக்கணக்கில் திரும்பும் நாளில், அதே பழனிச் சாலையில் திண்டுக்கல்லுக்குப் போக நாங்கள் பேருந்துக்கு நின்றோம். வந்த பேருந்துகளில் கால் வைக்க இடமில்லை. கொடியேற்றம் முடித்துப் பகல் பதினொரு மணிக்குப் புறப்பட்டவர்கள் இல்லத்தை அடையும்போது மாலை ஐந்தரை ஆகிவிட்டது.

பேருந்தில் என் அருகே நின்ற முதியவர் ஒருவர் ஐந்து நாள் நடந்து பழனிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தார். பாதமெல்லாம் கொப்புளம். “தம்பி எங்கே போறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “நாங்க நடந்து தேடுறோம், நீங்க உட்கார்ந்து தேடுறீங்க” என்று சிரித்தார். நாங்கள் ஏற்பாடு செய்திருந்த பேச்சாளர் வாய் திறக்குமுன்னரே கிடைத்த முதற்சொற்பொழிவு அது. ஆயினும் நாள் குறிக்கும்போது தம் சமய நாட்காட்டியை மட்டும் பார்க்கக் கூடாது, ஊர் முழுவதற்குமான நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வந்த செய்தி.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்பாட்டாளரில் ஒருவராவது முன்கூட்டி நேரில் சென்று பார்த்து வருதல் கட்டாயம். நாங்கள் இருவர் சென்று பார்த்தோம்; அது மட்டும் சரியாகச் செய்த காரியம். பார்க்க வேண்டியவை இவை: பெண்களும் ஆண்களும் தங்கத் தனித்தனிக் கட்டடங்கள் உள்ளனவா? கழிப்பறைகள் எத்தனை? குடிநீர் எங்கிருந்து வருகிறது? பேருந்து நிற்குமிடத்திலிருந்து எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும்? இரவில் பாதையில் விளக்கு உண்டா? அருகிலுள்ள மருத்துவமனை எது? கிணறோ குளமோ இருந்தால் அதற்குத் தடுப்பு உண்டா? எழில் நிறைந்த மலைக்காட்சியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வருவோரும் அவர்தம் பெற்றோரும்

முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தனர். வந்தவர் இருபத்துநால்வர். முதல் இரவு முப்பத்தொரு பேருக்குச் சமைத்துவிட்டார்கள். இறுதி எண்ணிக்கையை ஒரு வாரத்துக்கு முன் சொல்லும்படி இல்லத்தார் கேட்டிருந்தனர். வருவதாகச் சொன்னவர்களை மறுமுறை உசாவாமலே பழைய எண்ணைச் சொல்லியவன் நான். ஏழு பேரின் சோறு மிஞ்சியதைக் கண்டு சமையற்கார அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவியர் ஒன்பது பேர் வந்தனர். அவர்களுடன் தங்குவதற்குத் திருச்சபையிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்த பிறகே பல வீடுகளில் இசைந்தனர். பெற்றோரின் கையொப்பமிட்ட கடிதம், அவர்தம் தொலைபேசி எண், மாணவர்க்கு ஏதேனும் நோய் உண்டா, அன்றாடம் உண்ணும் மாத்திரை எது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் எல்லாரிடமும் வாங்கிவிட வேண்டும். எங்களோடு வந்த ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தது. மலையடிவாரத்துப் பனியில் இரண்டாம் நாள் இரவு அவருக்கு மூச்சு முட்டியது. குறிப்பு கையில் இருந்ததால் ஆசிரியை பதறாமல் அவர் பையிலிருந்த மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

கைப்பேசிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பதென்று முடிவு செய்திருந்தோம். ஆனால் ஒரு மாணவியின் தாய் மருத்துவமனையில் இருந்தார். விதி விதிதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, “அவ உடம்பு இங்கே இருக்கும், மனசு அந்த டப்பாக்குள்ளேதான் இருக்கும்” என்றார். அம்மாணவியின் கைப்பேசி அவரிடமே இருந்தது. மற்றவர் பெற்றோர்க்கு இல்லத்தின் அலுவலக எண்ணைக் கொடுத்திருந்தோம்; அது போதுமானதாக இருந்தது.

பல சபையார் ஒன்றாய் இருத்தல்

கிறிஸ்தவர் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி வழிபடுவோர் என்று பிற சமய நண்பர்கள் எண்ணுவதுண்டு. எங்கள் இருபத்துநால்வரில் கத்தோலிக்கர் இருந்தனர். 1947இல் பல சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையினர் இருந்தனர். லுத்தரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இருந்தனர். ஒருவர் ‘கர்த்தர்’ என்பார், மற்றவர் ‘ஆண்டவர்’ என்பார். ஒருவருக்குச் ‘சங்கீதம்’, மற்றவருக்குத் ‘திருப்பாடல்’. வேதத்தைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று தொடங்கினால், பழைய மொழிபெயர்ப்பும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் ஒன்றோடொன்று மோதி, இரண்டாம் வரியிலேயே குரல்கள் சிதறிப்போயின. மறுநாள் முதல் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டோம். இவ்வளவு எளிய வழி முதல்நாள் ஏன் தோன்றவில்லை என்பது வியப்பு.

வழிபாட்டு முறையில் வேற்றுமை இன்னும் ஆழமானது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் குரலெடுத்து வேண்டிப் பழகியவர்கள். கத்தோலிக்க நண்பர்கள் சிற்றாலயத்தில் மௌனமாக முழந்தாளிட்டுப் பழகியவர்கள். சனி அதிகாலை இரண்டும் ஒரே கூடத்தில் நிகழ்ந்தபோது இரு சாராரும் முகம் சுளித்தனர். பின்னர் கூடத்தை ஒரு சாராருக்கும் ஆலயத்தை மற்றொரு சாராருக்கும் ஒதுக்கினோம். மனவருத்தம் என்று நாங்கள் அஞ்சியது வெறும் இடநெருக்கடியாகவே முடிந்தது.

ஞாயிறு வழிபாடு மட்டும் அவ்வளவு எளிதன்று. நற்கருணையில் எல்லாச் சபையாரும் சேர்ந்து பங்குகொள்ளச் சபைகளின் ஒழுங்கு இடந்தருவதில்லை. இதை மறைத்து, ஒற்றுமை என்ற பெயரால் யாரையும் வற்புறுத்துவது தவறு. கத்தோலிக்கர் இல்லத்து ஆலயத்தில் திருப்பலிக்குச் சென்றனர். மற்றவர் மாமரத்தடியில் கூடிப் பாடி வேண்டினர். பிறகு எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து பொங்கலும் வடையும் உண்டோம். இல்லத்தார் ஆளுக்கொரு சிறுமலை வாழைப்பழம் வைத்தனர். வேறுபாட்டை ஒளிக்காமல் ஏற்றதனால் அந்த உணவு வேளை உண்மையான மகிழ்ச்சியோடு கழிந்தது.

கிழிந்த நேர அட்டவணை

நான் தயாரித்த நேர அட்டவணையை இன்று எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை பதினான்கு நிகழ்ச்சிகள். அவற்றுள் நான்கு சொற்பொழிவுகள். ‘ஓய்வு’ என்று போட்டிருந்தது மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம் மட்டுமே. வெற்றிடம் இருந்தால் பொறுப்பற்றவன் என்று பிறர் எண்ணிவிடுவரோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியிருந்தேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி, மூன்றாம் சொற்பொழிவு. பின்வரிசை முழுவதும் தலை கவிழ்ந்திருந்தது. அது தியானமன்று, தூக்கம். முந்தைய நாள் பேருந்தில் நின்ற களைப்பு. பேச்சாளராக வந்த முதிய போதகர் தம் குறிப்பேட்டை மூடினார். “எனக்கே என் பேச்சு போதும். சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மரத்தடிக்குப் போங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். நாலு மணிக்கு மணி அடிக்கும்போது வந்தால் போதும்” என்றார். நான் அட்டவணையைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றேன். அவர் அதை வாங்கி, நான்காய் மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல்தான் நாங்கள் வந்த காரியம் நடந்தது. முதல் அரைமணி நேரம் மிகக் கடினமாக இருந்தது. கை தானாகவே கைப்பேசியைத் தேடியது. கட்டவேண்டிய கட்டணம், எழுதவேண்டிய அரியர் தாள், வீட்டுச் சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறகு குளத்து நீர் தெளிவதைப் போல மெல்ல அடங்கின. மாலையில் கூடியபோது, ஓராண்டாக எங்களோடு பழகியும் தம் தந்தை இறந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத முதலாமாண்டு மாணவர் ஒருவர், யாரும் கேளாமலேயே பேசினார். அவர் சொன்னதை இங்கு எழுதுவது முறையன்று. அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்ற உறுதியை எல்லாரும் செய்திருந்தோம். ஒவ்வொரு குழுவும் முதல் நாளே செய்ய வேண்டிய உறுதி அது.

அனுபவத்தில் கண்ட அளவைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு சொற்பொழிவு, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொன்றும் முப்பது நிமிடத்துக்கு மேற்படாதிருத்தல் நலம். அதன்பின் சொற்பொழிவைவிட நீண்ட மௌன நேரம். மௌனத்துக்குப் பழகாதோரை முதலில் அரைமணி நேரம் இருக்கச் செய்து பிறகு கூட்டலாம். “போய்த் தியானியுங்கள்” என்று வெறுங்கையோடு அனுப்பினால் திணறுவர். சிறு வேதப்பகுதி ஒன்றும், அதையொட்டிய ஒரே ஒரு கேள்வியும், எழுதத் தாளும் கொடுத்து அனுப்ப வேண்டும். முதல்நாள் இரவில் எந்த நிகழ்ச்சியும் வேண்டா. சோறு, அறிமுகம், சிறு வேண்டுதல், உறக்கம், அவ்வளவே.

பணக் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உணவும் தங்கலும் 350 ரூபாய் என இரு நாட்களுக்கு 700. பேருந்துக் கட்டணம் போகவர 110. பிற செலவுக்கு 40. ஆக 850 ரூபாய் என்று வைத்தோம். வந்த 24 பேரிடம் சேர்ந்தது 20,400. செலவோ, இல்லத்துக்கு 16,800, வராத எழுவரின் முதல்நாள் சாப்பாட்டுக்கு 700, பேருந்துக்கு 2,640, பேச்சாளரின் வழிச்செலவு 800, நகல் எடுத்தல், மருந்து வகை 460. மொத்தம் 21,400. பேச்சாளருக்கும் ஆசிரியைக்கும் இல்லத்தார் கட்டணம் வாங்கவில்லை. துண்டு விழுந்த ஆயிரத்தைத் திருச்சபைப் பெரியவர் ஒருவர் கொடுத்தார். எனவே மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராச் செலவுக்கென முன்னரே ஒதுக்குவது அறிவுடைமை.

இவ்வளவும் தாளில் எழுதக்கூடிய கணக்கு. தாளில் ஏறாத கணக்கொன்று உண்டு.

பணம் வசூலிப்பதை விரைவுபடுத்த எண்ணி, ‘கட்டியவர்’, ‘கட்டாதவர்’ என இரு பட்டியல்களைக் குழுவின் வாட்ஸப்பில் நாள்தோறும் இரவு போட்டுவந்தேன். கட்டாதவர் பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியில் அதில் ஒரே ஒரு பெயர் நின்றது. இந்தக் கூடுகையை முதலில் சொன்ன அதே நண்பரின் பெயர். மறுநாள் அவர், “ஒரு கல்யாணம் இருக்கு, வர முடியாது” என்று குழுவில் எழுதிவிட்டார். சரி என்று பெயரை அடித்துவிட்டேன்.

அவர் சொன்னது பொய்யன்று. தை மாதம்; மண்டபங்கள் நிறைந்திருந்த வாரம். அந்தச் சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் அவர் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். விடுமுறை நாள்தோறும் அவருக்கு அதுதான் வேலை; அந்தக் கூலியில்தான் கல்லூரிக்கு வருகிறார். இரு வேளைக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்கும். எங்களோடு வந்திருந்தால் 850 ரூபாய் கையை விட்டுப் போவதோடு, ஆயிரம் ரூபாய் கைக்கு வராமலும் போயிருக்கும். “வெறும் 850 ரூபாய்தானே” என்று நாங்கள் பேசிய கூடுகையின் விலை அவருக்கு 1,850.

ஒரு மாதம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொல்லணும்னுதான் இருந்தேன் மாப்பிள்ளை. நீ லிஸ்ட் போட்டுட்டே. அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் காசு இல்லைன்னு சொன்ன மாதிரிதான்” என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் கோபித்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டு எளிதாக வெளியேறியிருப்பேன்.

அமைதி தேடி ஓர் ஊருக்குப் போனோம். அந்த அமைதி வேண்டுமென்று முதலில் கேட்டவரைப் பந்தியில் நிற்கவிட்டுவிட்டுப் போனோம். எங்களில் எவரும் தீயவர் அல்லர். திட்டத்தை நிரப்புவதிலே கருத்தாக இருந்தோம். அதில் அவர் வந்து நிற்க ஓர் இடம் விடவில்லை.

இரண்டாம் முறை

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் மற்றச் சபையார் லெந்து என்றும் சொல்லும் நோன்புக் காலம். அன்று எங்கள் ஊர்த் திருச்சபை வளாகத்திலேயே பிற்பகல் இரண்டு முதல் இரவு ஏழு வரை ஒரு கூடுகை நடத்தினோம். மலையுமில்லை, பயணமுமில்லை. நாள் குறிக்குமுன் எல்லாரிடமும் தனித்தனியே, எந்நாள் வேலை, எந்நாள் ஓய்வு என்று கேட்டோம். நண்பருக்குப் பந்தி வேலை இல்லாத ஞாயிறாகப் பார்த்தே அந்நாளை வைத்தோம். காலை வழிபாட்டுக்கு அவரவர் தத்தம் சபைக்குப் போய்விட்டு வந்ததால் முதன்முறை இருந்த சிக்கலும் எழவில்லை.

பணத்துக்குப் பட்டியல் இல்லை. மூடியில் துளையிட்ட டப்பா ஒன்றை வாசலில் வைத்தோம். ஒருவருக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று மட்டும் சொன்னோம். இயன்றவர் மிகுதியாகவும், இயலாதவர் இயன்ற அளவும், சிலர் ஒன்றும் போடாமலும் உள்ளே வந்திருக்கலாம். யார் எவர் என்று எவருக்கும் தெரியாது. முப்பத்தேழு பேர் வந்தனர். தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, தேநீர் எல்லாம் சேர்த்துச் செலவு 1,980 ரூபாய். டப்பாவில் இருந்தது 2,150. இரு நாள் தங்கும் கூடுகையில் இவ்வளவு எளிதாக முடியாதென்பது உண்மையே. அங்கே தேவையறிந்து உதவும் பொறுப்பை ஒருவரிடம், வாய் திறவாத ஒருவரிடம் மட்டும், ஒப்படைத்துவிட வேண்டும்.

அட்டவணையில் மூன்றே வரிகள்: ஒரு சிறு உரை, இரண்டு மணி நேர மௌனம், சேர்ந்து உண்ணுதல். நண்பர் வேப்பமரத்தடியில் முழு நேரமும் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். வேண்டினாரா, உறங்கினாரா என்று நான் கேட்கவில்லை. சும்மா உட்காரத்தானே அவர் ஆசைப்பட்டார்.

அன்றைய உரைக்கு மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். ஓயாத வேலையால் உண்ணவும் நேரமில்லாதிருந்த சீடரை, இளைப்பாறும்படி தனிமையான இடத்துக்கு இயேசு அழைத்துச் செல்கிறார். படகில் போய்ச் சேர்ந்தால், அவர்களுக்கு முன்பே பெருங்கூட்டம் அங்கே வந்து காத்திருக்கிறது. திட்டம் பாழாயிற்று என்று அவர் முகம் திருப்பவில்லை. அவர்கள்மேல் மனம் இரங்கிப் போதிக்கிறார். கூட்டத்தை அனுப்பிவிடச் சீடர் சொல்லியும் கேளாமல், இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு எல்லாரையும் பந்தியமர்த்துகிறார். எல்லாரையும் அனுப்பிய பிறகே வேண்டுவதற்காகத் தனியே மலைமேல் ஏறுகிறார். அந்த ஒடுக்கமும் திட்டப்படி நடக்கவில்லை. ஆனால் வந்தவர்க்கு அங்கே இடம் இருந்தது.

நண்பர்களே! நீங்கள் எச்சமயத்தவராயினும், எந்த முகாமை ஏற்பாடு செய்பவராயினும், இடத்தைப் பாருங்கள், நாளைப் பாருங்கள், கணக்கைச் சரிபாருங்கள். எல்லாம் முடிந்தபின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை எடுத்து, அதில் இல்லாத பெயர் எது, ஏன் இல்லை என்று கேளுங்கள். கேட்பதை மட்டும் குழுவில் கேளாதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.